தோட்டமாக்கப்பட்ட தீவுகள்

(மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகுக்கும் சுக்குக்கும் அடுத்தபடியாக விலைபேசப்படும் சரக்குகளில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் உண்டு. பெரியாற்றங்கரைப் பக்கத்துக் காலடி, அங்கமாலித் தோட்டங்களில் விளைந்து வருகிற இந்தச் சரக்கை, வேண்டுமென்ற அளவு வாங்கலாம். நம் தாய்மார்கள் குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் கல்லில் வசம்பும் மாசிக்காயும் இருந்தால் ஜாதிக்காயும் இருக்கும். சிலப்பதிகார உரையாசிரியர் தாம்பூலத்துக்குரிய ஐந்து வாசங்களைச் சொல்லும்போது சாதியையும் சேர்த்தே எண்ணுகிறார். இவ்வளவு நெருங்கிப் பழகியும் இந்த மரம் நம் மண்ணுக்குப் புதிது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரையில் உலகச் சந்தைகளுக்குப் போன மணமுள்ள ஜாதிக்காய் முழுவதும், இந்தோனேசியாவின் கிழக்குக் கடலில், தேசப்படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பாண்டா என்னும் சிறு தீவுக்கூட்டத்திலிருந்தே போயிற்று. அத்தீவுகளின் பூர்வ குடிகள் 1621-ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டோ துரத்தப்பட்டோ அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டோ ஒழிந்தார்கள். அதைச் செய்தவர்கள், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இந்தக் கொச்சியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீதியிலுள்ள அரண்மனையைப் பழுதுபார்த்துத் தங்கள் பெயரை அதற்கு ஒட்டவைத்துப் போன அதே ஒல்லாந்துக் கம்பெனியார்.

இனப்படுகொலையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மனிதரைப் பற்றியே பேசுகின்றன. அப்படிப் பேசுவது நியாயமும்கூட. ஆனால் மரமும் நீரும் மண்ணும் அவற்றில் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளப்பட்டு, எரிந்த காடு இவ்வளவு, தூர்ந்த கிணறு இத்தனை என்ற சேதக் கணக்கிலே ஒரு வரியாக நின்றுவிடுகின்றன. என் அபிப்பிராயம் வேறு. ஒரு ஜனசமூகத்தை வேரோடு அகற்ற நினைக்கிறவன், அது எந்த மண்ணோடு பிணைந்து ஜீவிக்கிறதோ அந்த மண்ணைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறான். மண்ணை எப்படி மாற்றி அமைப்பது என்ற திட்டமும் மக்களை என்ன செய்வது என்ற திட்டமும் ஒரே தாளில் எழுதப்படுகின்றன. சில இடங்களில் மரத்தை வைத்துக்கொண்டு மனிதரை நீக்குகிறார்கள். சில இடங்களில் மனிதரை முறிப்பதற்காக மரத்தை வெட்டுகிறார்கள். இரண்டும் ஒல்லாந்தர் சரித்திரத்தில் ஒரே தலைமுறையில் நடந்திருப்பதால், அதையே முதலில் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

பாண்டாத் தீவுகளில் அரசன் கிடையாது. ஓராங் காயா என்று சொல்லப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிக் காரியங்களை நடத்திவந்தார்கள். கெனாரி என்னும் பெருமரங்களின் நிழலில் ஜாதிமரங்கள் வளர்ந்தன. காய் பறிப்பதும் பத்திரியை உரித்து உலர்த்துவதும் அம்மக்களுக்குத் தொழில். அரிசியும் சவ்வரிசி மாவும் வெளித் தீவுகளிலிருந்து வந்தன. ஜாவாக்காரர், மலாய்க்காரர், அராபியர், குஜராத்தியர் என்று பல தேசத்து வர்த்தகரும் அவர்களோடு பண்டமாற்றுச் செய்தார்கள். 1602-இல் வந்த ஒல்லாந்தர், இனி எங்களுக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தை நீட்டிப் பெரியவர்களில் சிலரிடம் கையெழுத்து வாங்கினார்கள். உஷ்ண தேசத்து மக்களுக்குக் கம்பளித் துணியைக் கொண்டுவந்து காட்டுகிற வியாபாரியை நம்பி, சோறு கொண்டுவரும் வியாபாரியைத் துரத்திவிட எந்த ஊரார்தான் சம்மதிப்பார்கள்? ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தது, வியாபாரம் பழையபடி நடந்தது. 1609-இல் நெய்ரா தீவில் கோட்டை கட்ட வந்த அட்மிரல் வெர்ஹோவன், பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் தம் ஆட்களோடு கொல்லப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் உடன் வந்திருந்த இளைஞர்களில் ஒருவர் யான் பீட்டர்ஸோன் கூன். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரே கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக, பெரிய கப்பற்படையோடும் ஜப்பானியக் கூலிப்படையாரோடும் பாண்டாவுக்குத் திரும்பி வந்தார்.

நடந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. லோந்தோர் தீவு பிடிபட்டது, ஊர்கள் கொளுத்தப்பட்டன, 1621 மே 8-ஆம் தேதி, பிடிபட்ட ஓராங் காயாக்கள் 44 பேர் கோட்டை வாசலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மலைமேல் ஏறி ஒளிந்தவர்களுக்கு விளைநிலம் இல்லை. கடல்வழி அடைபட்டபின் வெளியிலிருந்து வரும் உணவும் இல்லை. ஜாதிக்காய் மட்டுமே செழிக்கும் பூமி என்ற அந்தத் தனித்தன்மையே முற்றுகையிட்டவனுக்குத் துப்பாக்கியைவிடச் சிறந்த ஆயுதமாயிற்று. பலர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். சிலர் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்தார்கள். பல நூற்றுவர் பட்டேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். படையெடுப்புக்கு முன் சுமார் 15,000 பேர் இருந்ததாகவும், பின் எஞ்சியவர் ஆயிரத்துக்கு மேற்படவில்லை என்றும் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதி. ஆள் நீங்கிய தீவுகளைக் கூன் 68 துண்டுகளாக அளந்து, பெர்க் என்ற பெயரிட்டு, கம்பெனியிலிருந்து விலகிய சிப்பாய்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் பங்கிட்டார். மண் கம்பெனியினுடையது, விலையும் கம்பெனி வைத்தது, வேலை செய்ய அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஜாவாக்காரரும் போர்னியோக்காரரும் மட்டுமல்லர், மலையாளக் கரையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிடித்தும் வாங்கியும் ஏற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். பட்டாளத்துத் துணி வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டு வண்ணார்களைக் கொச்சிக்கு வரவழைத்ததும் ஒல்லாந்தரே என்று வெளி வண்ணார்துறையில் இன்றும் சொல்லுவார்கள். அந்தத் துறையைச் சேர்ந்த நண்பர்களும் இந்தச் சபையில் இருக்கக்கூடும். இங்கே வந்தவர்களுக்காவது சந்ததியும் சங்கமும் கோயிலும் மிஞ்சின. பாண்டாவுக்குப் போன நம்மவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

வந்த அடிமைகளுக்கு ஜாதிமரத்தைப் பேணத் தெரியவில்லை. எனவே எஞ்சியிருந்த பூர்வ குடிகளில் சிலரைத் தங்கள் சொந்த மரங்களைப் பேணும் வித்தையைப் புதியவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே வைத்திருந்தார்கள். கொலையிலும் இப்படி ஒரு சிக்கனம் இருந்தது. தப்பியோடிய கொஞ்சம் பேர் கெய் தீவுகளில் போய் ஒதுங்கினார்கள். அங்கே பாண்டா எலி, பாண்டா எலாட் என்ற இரண்டு ஊர்களில் பாண்டாப் பாஷை இன்னும் பேசப்படுகிறது, பாண்டாவிலே அதைப் பேசுவாரில்லை. தோட்டங்களோ நன்றாகவே இருந்தன. பின்னாளில் அந்தத் தீவுகளைப் பார்த்த ஐரோப்பியர் பலர் அவற்றின் அழகைப் புகழ்ந்திருக்கிறார்கள். நிழலும் வாசனையும் பறவைகளும் நிறைந்த பிரதேசத்தைப் பார்த்து இங்கே ஒரு ஜாதி மக்கள் அழிந்தார்கள் என்று யார் சந்தேகிப்பார்கள்? இயற்கை சேதமடைந்ததா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பாண்டாவில் சேதம் ஒன்றுமில்லை என்றே எழுதிவிட்டு வரவேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரிடையானது கிராம்பின் கதை. கிராம்பு பல தீவுகளில் விளைந்தது; எல்லாவற்றையும் காவல் காப்பது கம்பெனிக்குக் கட்டாது. ஆகவே 1652-இல் தெர்னாத்தே சுல்தானுக்குப் பணம் கொடுத்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அம்போன் முதலிய சில தீவுகளில் தவிர மற்ற இடங்களிலுள்ள கிராம்பு மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்கத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் படகுப்படை புறப்பட்டுப் போய் மரம் வெட்டித் திரும்பும். செராம் தீவின் ஹோவாமோல் பகுதியில் எதிர்த்து நின்ற மக்களோடு நடந்த சண்டையில், கிராம்போடு நிற்காமல் அவர்களுக்குச் சோறு போடும் சவ்வரிசிப் பனைகளையும் வெட்டினார்கள். முடிவில் ஜனங்களை ஊரோடு கிளப்பி வேறிடத்தில் குடிவைத்தார்கள். பாண்டாவில் மரம் பிழைத்தது, மனிதர் மாண்டார்கள். ஹோவாமோலில் மனிதரைப் பணியவைக்க மரம் மாண்டது. ஏகபோக வியாபாரம் என்ற ஒரே கணக்கின் இரண்டு விடைகள் இவை.

அப்படியானால் மலையாளக் கரை எப்படித் தப்பியது? இங்கும் அதே கம்பெனிதான்; இங்கும் மிளகுக்கு ஏகபோக ஒப்பந்தங்கள்தான். ஒல்லாந்தர் இந்த ஊருக்கு வரும்போது நெஞ்சிலே காருண்யம் புதிதாகச் சுரந்துவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். என் எண்ணத்தில், நம்மைக் காத்தது முக்கியமாக மிளகுக்கொடியின் சுபாவமே. அது மலையடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் பலாவிலும் மாவிலும் முருக்கிலும் ஏறிப் படர்ந்தது. நூறு மைல் நீளத் தீவாக அதை வளைத்துக்கொள்ள எந்தக் கப்பற்படையாலும் ஆகாது. கொச்சியில் விலை குறைத்தால் மிளகு மாட்டின் முதுகிலேறிக் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போய்விடும். இதனோடு பல சிற்றரசுகளின் போட்டியும், 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மா கொடுத்த அடியும் சேர்ந்துகொண்டன. ஒரு செல்வம் பரந்து கிடக்கும்போது அதை உடையவர்களோடு பேரம் பேசித்தான் தீரவேண்டியிருக்கிறது. அது ஒரு சிற்றிடத்தில் குவிந்து கிடந்தால், பேரம் பேசுவதைவிட உடையவரை நீக்குவது மலிவாகத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நம் மேற்குமலைக்கும் சொந்தமான ஒரு ஜாதிமரம் உண்டு; அதன் இனத்து மரங்கள் நெருங்கி நிற்கும் சதுப்புக் காடுகளைக் குளத்துப்புழைப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். அதன் காயும் பத்திரியும் பார்வைக்குப் பாண்டாச் சரக்குப் போலவே இருந்தாலும் வாசனை கிடையாது. அந்த வாசனையின்மை நமக்கு எவ்வளவு பெரிய அநுக்கிரகம் என்பதை அக்காட்டு மரத்தை ஏளனமாகப் பார்க்கிற வியாபாரிகள் யோசித்திருக்கமாட்டார்கள்.

கொச்சியில் கம்பெனியின் தளபதியாயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணிப் பண்டிதரையும் கேட்டுக் கேட்டுத் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ், 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 தாவரங்களின் விவரம் அதில் இருக்கிறது. நாம் அதைக் கொண்டாடுவது சரியே. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆள் மிஞ்சியிருந்தபடியால்தான் அந்த நூல் உண்டாயிற்று என்பதையும் கூடவே நினைக்கவேண்டும். ஒரு ஜனம் அழியும்போது, எந்த இலை எந்த நோய்க்கு, எந்த மரம் எந்த மாதத்தில் காய்க்கும் என்ற சாஸ்திரமும் உடன் அழிகிறது. மரம் நிற்கலாம், அதைப் பற்றிய அறிவு நிற்பதில்லை.

மற்றத் தேசங்களுக்கு நெடுநேரம் போக விருப்பமில்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 1904-ஆம் ஆண்டு ஜெர்மானிய ஜெனரல் வான் துரோத்தா, ஹெரேரோ மக்களை ஒமஹேகே பாலைவனத்துக்குள் விரட்டி, தண்ணீர்த் துறைகளுக்குத் திரும்பிவரும் வழியை அடைத்துவிட்டார். தாகமே பெரும்பாலோரைக் கொன்றது. அமெரிக்கச் சமவெளியில் கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் 1880-களின் முடிவில் சுமார் ஆயிரமாயின. அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வ குடிகள் அதன்பின் அரசாங்கம் அளக்கும் தானியத்துக்கு வரிசையில் நிற்கவேண்டியவர்களாயினர். வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் 1962-லிருந்து 1971 வரையில் 7 கோடி லிட்டருக்கு மேற்பட்ட களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. இவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல; எல்லாவற்றையும் இனப்படுகொலை என்ற ஒரே பெயரால் அழைக்கலாமா என்பதிலும் விவாதம் உண்டு. எனினும் ஜீவாதாரத்தின்மீது கைவைத்தால் ஜனத்தின்மீது கைவைத்ததாகும் என்பதை அவற்றைத் திட்டமிட்டவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

தமிழன் இந்த விஷயத்தைப் பேசும்போது வன்னியைத் தாண்டிச் செல்ல முடியாது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையேயுள்ள ஒரு மணல் துண்டில் லட்சக்கணக்கான மக்கள் அடைக்கப்பட்டு, குண்டு வீச்சுக்கும் பட்டினிக்கும் இரையானார்கள். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பேர் வரையில் மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011-இல் எழுதியது. இது இனப்படுகொலையே என்று வடமாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானித்தது. கனடா பாராளுமன்றம் 2022-இல் மே 18-ஐ நினைவுநாளாக ஏற்றது. இலங்கை அரசு மறுத்துவருகிறது. அந்த வழக்கை இங்கே நான் விசாரிக்க வரவில்லை. என் விஷயம் அந்நாட்டின் பனை.

யாழ்ப்பாணத்தானுக்குப் பனை என்பது ஒரு மரம் மாத்திரமா? நுங்கு, பனாட்டு, ஒடியற்கூழ், பனங்கட்டி என்று உணவும், வேலியும் கூரையும் பாயும் பெட்டியும் என்று உடைமையும் அதிலிருந்தே வருகின்றன. மழை பொய்த்த வருஷத்திலும் பட்டினியைத் தள்ளிவைப்பது அது. முப்பது ஆண்டுப் போரில் காப்பரண் கட்டுவதற்கென்று பனைகள் கணக்கில்லாமல் தறிக்கப்பட்டன. ராணுவமும் தறித்தது, இயக்கமும் தறித்தது. தறிபட்ட பனைக்கு அந்த வித்தியாசம் கிடையாது. விதைத்த பனை காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும் என்பதால், போர் நின்ற நாளிலேயே நட்டிருந்தாலும் அது ஒரு குடும்பத்துக்கு இப்போதுதான் பயன்படத் தொடங்கும்.

இதைவிட விபரீதமான ஒன்று போருக்குப் பின் நடந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் வயலிலும் வளவிலும் பத்து இருபது ஆண்டுகளில் காடு எழும்பிற்று. முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களில் பலர், தங்கள் நிலம் வனப்பகுதியாக எல்லைக் கல் நாட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். உழுது பயிரிட்டால் வனச் சட்டப்படி குற்றம். காட்டைக் காப்பாற்றுவது புண்ணிய காரியம் என்று நம்புகிறவன் நான். ஆனால் துரத்தப்பட்டவனின் முற்றத்தில் முளைத்த பற்றையைக் காட்டி, இது ஆதியிலிருந்தே காடு, நீ ஆக்கிரமிப்பாளன் என்று சொல்லுகிற இயற்கைப் பற்றை என்னால் மதிக்க முடியவில்லை. பாண்டாவில் தோட்டம் கொலையை மூடிற்று. வன்னியில் காடு மூடுகிறது.

பிறர் தேசத்தைக் குறை சொல்லிவிட்டு நம் தேசத்தைக் கடந்துபோவது நாகரிகமாகாது. 1858-இல் போர்ட் பிளேரில் வெள்ளையர் கைதிக் குடியிருப்பை அமைத்துக் காடு வெட்டத் தொடங்கியபோது பேரந்தமானியர் சுமார் 5,000 பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். சண்டையும் அம்மையும் பிற நோய்களும் தின்றது போக, இன்று எஞ்சியவர் ஏறக்குறைய 50 பேர். அது பழங்கதை என்று தள்ளலாம். பெருநிகோபார்த் தீவின் கதை நம் கண்முன் நடப்பது. கலத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று பெருந்திட்டமொன்றுக்காக 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வனத்தை எடுத்துக்கொள்ள மத்திய அரசு 2022-இல் அநுமதி கொடுத்தது. அழியும் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் வைப்பதென்று திட்டத்தில் கண்டிருந்தது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. அத்தீவின் உட்காட்டில் ஷோம்பென் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அவர்கள் 229 பேர். சில ஆயிரம் பேர் வசிக்கும் தீவில் லட்சக்கணக்கானோரைக் குடியேற்றினால் இவர்கள் நோயாலேயே முடிந்துபோவார்கள், இது இனப்படுகொலையாகவே முடியும் என்று 13 நாடுகளைச் சேர்ந்த 39 அறிஞர்கள் 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். பழங்குடிகளுக்குத் தீங்கு வராது என்பது அரசாங்கத்தின் மறுமொழி. ஷோம்பென்களைக் கொல்லவேண்டும் என்ற துர்ப்புத்தி புதுதில்லியில் யாருக்கும் இல்லையென்றே நானும் கொள்ளுகிறேன். அந்தமானில் 1858-இல் காடு வெட்டிய அதிகாரிகள் பலருக்கும் அப்படிப்பட்ட எண்ணம் இருந்ததில்லை. ஆயினும் பேரந்தமானியர் போனார்கள்.

இங்கேதான் சட்டத்தின் குறை தெரிகிறது. 1948 டிசம்பர் 9-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின் இரண்டாம் ஷரத்து, ஒரு ஜனக்கூட்டத்தின் அழிவை உத்தேசித்து அதன் ஜீவிய நிலைமைகளைக் கெடுப்பதையும் இனப்படுகொலை என்றே சொல்லுகிறது. அந்த வாசகத்துக்குள் ஹெரேரோக்களின் தண்ணீரும் ஹோவாமோலின் சவ்வரிசிப் பனையும் தாராளமாக அடங்கும். ஆனால் உத்தேசத்தை நிரூபிக்கவேண்டும். மரத்தை வெட்டினவன் வியாபாரத்துக்காக வெட்டினேன் என்பான். காட்டை எடுத்தவன் அபிவிருத்திக்காக எடுத்தேன் என்பான். கூன்கூடக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டி விடுதலை கேட்டிருக்கலாம். சுற்றுச்சூழலுக்குச் செய்யும் பெருநாசத்தையே தனிக் குற்றமாகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று 2024 செப்டம்பரில் வனுவாட்டு, பிஜி, சமோவா என்ற மூன்று நாடுகள் முறையாகப் பிரேரணை கொடுத்திருக்கின்றன. மூன்றும் தீவுகள் என்பதைச் சபையோர் கவனிக்கவேண்டும்.

நம் நாட்டின் நிலைமையோ இன்னும் பின்தங்கியது. 1948-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1959-இல் உறுதிசெய்தது. அதற்கென்று உள்நாட்டுச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை; 1984 சீக்கியர் படுகொலை வழக்கொன்றில் தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் இந்தக் குறையை வெளிப்படையாக எடுத்துக் காட்டியும், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நியாய சம்ஹிதையிலும் இனப்படுகொலைக்கு ஒரு பிரிவு இல்லை. இந்தச் சபையில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். அப்படி ஒரு பிரிவின் நகலை நீங்கள் எழுதுங்கள். அதில் நீரையும் காட்டையும் விளைமரத்தையும் ஜீவாதாரம் என்று பெயர் சொல்லிச் சேருங்கள். வனம் என்று அறிவிக்குமுன் அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்று விசாரிக்கும் கடமையையும் அதிலே வையுங்கள். எழுதியதை உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கையில் கொடுத்து, பதில் வரும்வரையில் விடாமல் கேளுங்கள்.